வீட்டில் பெரியவர்கள் இருந்தால் லேண்ட்லைன் இன்னும் வேண்டுமா?

கம்பிவழி:
"எல்லாரிடமும் செல்போன் இருக்கு, லேண்ட்லைனை வெட்டிடலாம்" என்று பிள்ளைகள் சுலபமாக முடிவெடுத்துவிடுகிறார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் அதைச் செய்யக்கூடாது என்பது என் கட்சி. பழைய செம்புக் கம்பி இணைப்பில் போனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது, சுமார் 48 வோல்ட் டி.சி. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அடுக்கும் ஜெனரேட்டரும் இருக்கும். அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். சார்ஜ் போட்டோமா, ரீசார்ஜ் பண்ணினோமா என்ற கவலை கிடையாது. ரிசீவரை எடுத்து எண்ணை அழுத்தினால் போதும்.

அலைவரிசை:
சார், அது செம்புக்குப் பொருந்தும். இப்போது புதிதாக லேண்ட்லைன் கேட்டால் பெரும்பாலும் ஃபைபர்தான் தருகிறார்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஓ.என்.டி. என்கிற ஃபைபர் மோடம் வீட்டுக் கரண்டில்தான் ஓடும். கரண்ட் போன நொடியே லேண்ட்லைனும் செத்துவிடும். பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையையே 2027 ஜனவரி இறுதியோடு மூடப்போகிறார்கள்.

செம்பு இருக்கும் வீட்டிலும் கார்ட்லெஸ் போன் என்றால் அதே கதிதான், அதன் பேஸ் யூனிட்டுக்கு அடாப்டர் வேண்டும். நம்பவில்லையென்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துப் பாருங்கள். டயல் டோன் வராத வீட்டில் நீங்கள் சொல்லும் முதல் காரணமே இல்லை.

கம்பிவழி:
அந்தச் சோதனையை எல்லாரும் செய்து பார்க்கட்டும், எனக்கும் சம்மதம். ஆனால் டோன் வராவிட்டால் இணைப்பை வெட்ட வேண்டியதில்லை, ஒரு மினி யு.பி.எஸ். போட்டால் தீர்ந்தது. மோடம் அடாப்டரின் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் வரை இருக்கும். யு.பி.எஸ்.ஸின் வோல்ட் அதே அளவாக இருக்கணும், ஆம்பியர் குறையக்கூடாது, பின்னின் அளவும் பிளஸ் மைனஸ் திசையும் பொருந்தணும்.

இங்கே பலரும் கணக்கில் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 8800 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால், 12 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் மணி கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட் மணி. 12 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் வீணாவது போகச் சுமார் 26 கைக்கு வரும். மோடம் 10 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம் தாங்கும். மோடமும் ரூட்டரும் தனித்தனியாக இருந்து, போன் ஒயர் ரூட்டரில் செருகியிருந்தால் இரண்டுக்குமே யு.பி.எஸ். வேண்டும். மோடத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு "வேலை செய்யலை" என்பார்கள்.

ஒலிநயம்:
இரண்டு பேருமே காதை மறந்துவிட்டீர்கள். வயதானவர்கள் போனை வெறுப்பதற்குப் பாதிக் காரணம் எதிர்முனைப் பேச்சு புரியாததுதான்.

பழைய லேண்ட்லைன் கடத்துவது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலேதான் நிறைய இருக்கிறது. வோல்ட்டி (4ஜி வலையிலேயே பேசும்) அழைப்பில், அதிகச் சுருதிகளைக் கடத்தும் அகலப்பட்டைக் குரல் கிடைத்தால் சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும், சொற்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். ஆனால் இரண்டு முனையிலும், நடுவில் உள்ள வலையிலும் அந்த வசதி இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் செல்போனுக்குத்தான் என் வோட்டு.

காதொலிக் கருவி போட்டிருப்பவருக்குக் கணக்கு மாறும். பழைய 2ஜி போனைக் கருவியருகே கொண்டுபோனால் 217 ஹெர்ட்ஸில் "ட்ர்ர்ர்" என்று இரையும், அந்த அலை விட்டுவிட்டுத் துடிப்பதால் வரும் இரைச்சல் அது. கருவியில் டெலிகாயில், அதாவது ரிசீவரின் காந்தப்புலத்தை நேரடியாக வாங்கும் சின்னச் சுருள், இருந்தால், அதற்கு ஒத்துப்போகும் லேண்ட்லைன் ரிசீவரே பலருக்கு நிம்மதி. இன்னொன்று, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் மைக் மடலின் மேலே இருக்கும். ரிசீவரைக் காதுத் துளைமேல் அழுத்தாமல் மேலே தூக்கி அந்த மைக்கருகே பிடிக்கணும். யாருமே இதைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மணியும் அப்படித்தான். முதுமையில் முதலில் போவது உச்ச சுருதி. கீச்சென்ற ரிங்டோனைச் சத்தமாக வைப்பதைவிட, கனத்த குரலில் அடிக்கும் மணி அடுத்த அறைவரை கேட்கும்.

அலைவரிசை:
பயனுள்ள தகவல். ஆனால் என் முக்கியமான வாதம் கீழே விழுவதைப் பற்றியது. குளியலறையில் விழுந்தவருக்குக் கூடத்து மேசையில் இருக்கும் போனால் என்ன பயன்? அடிக்கும் மணியை எடுக்க அவசரமாக எழுந்து ஓடித் தடுக்கி விழுவதும் நடக்கிறது. கழுத்தில் மாட்டிய பட்டன் போன் ஆளோடேயே இருக்கும்.

வாங்குகிறவர்கள் கவனிக்க: வோல்ட்டி வேலை செய்யும் 4ஜி போனா என்று பாருங்கள். 2ஜி, 3ஜி நிறுத்தப்பட்ட இடத்தில், வோல்ட்டி இல்லாத போனில் சிக்னல் கோடு தெரியும், அழைப்பு போகாது. ஆபத்தில் அழுத்தும் எஸ்.ஓ.எஸ். பட்டனில் பதியும் எண்களில் வாய்ஸ்மெயில் இருக்கக்கூடாது. பல போன்கள் ஒவ்வொரு எண்ணாக அழைத்துக்கொண்டே போகும், வாய்ஸ்மெயில் எடுத்தாலே "ஆள் எடுத்துவிட்டார்" என்று அங்கேயே நின்றுவிடும். உதவி தேவைப்பட்டவர் பதிவுக் குரலோடு பேசிக்கொண்டிருப்பார். சார்ஜுக்குச் சின்னத் துளையில் ஒயர் செருகும் மாடல் வேண்டாம், சார்ஜர் தொட்டிலில் வைத்தாலே சார்ஜ் ஏறும் மாடலாக எடுங்கள்.

திண்ணை:
மறதி நோய் உள்ளவங்களுக்கு இந்த வாதம் ஒத்துவராதுங்க. கழுத்தில மாட்டின போனைக் கழட்டி எங்கேயோ வெச்சிடுவாங்க. ஒரே இடத்தில இருக்கற போன், ஒரே மாதிரி மணி, முப்பது வருஷமா கை பழகின எண் வரிசை, இதெல்லாம் மற்றது மறந்த பிறகும் கொஞ்ச காலம் நிக்கும். டச் போன்ல வேற சிக்கல். விரல் காய்ஞ்சு போனா திரை சரியா உணராது, நடுங்கற விரல் நீளமா அழுத்திடும், மேலேயிருந்து இழுத்து ஃப்ளைட் மோட் ஆகிடும். பிள்ளைங்க "அப்பா போனை எடுக்கலை"ன்னு பதறுவாங்க. அணுகல்தன்மை செட்டிங்ல "தொட்டுப் பிடிக்கும் நேரம்" இருக்கு, அதை நீளமா மாத்தினா கொஞ்சம் குறையும், தீராது.

இதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு. லேண்ட்லைன் உருவத்திலேயே, உள்ளே சிம் போடற மேசை போன். பெரிய பட்டன், ரிசீவர், உள்ளே பேட்டரி. அதுவும் 4ஜி, வோல்ட்டி மாடலான்னு பார்த்து வாங்கணும்.

கம்பிவழி:
திண்ணை, அந்த மேசை போனின் பேட்டரி இருந்தாலும் டவரின் பேட்டரி சில மணி நேரம்தான். புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லையென்றால் அது வெறும் பொம்மை.

கழுத்தில் மாட்டி, அவசரத்தில் அழுத்தி உதவி கேட்கும் ஆபத்து பட்டன் பதக்கத்தை லேண்ட்லைனில் இணைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் பல, எண்ணை அழுத்தும்போது கேட்கும் டச் டோன் ஒலிகளாகவே கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் அனுப்பும். ஃபைபருக்கு மாறும்போது குரலை இறுக்கிச் சுருக்கும் ஜி.729 போன்ற கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) வந்தால் அந்த ஒலிகள் சிதையும், அப்படி இறுக்காத ஜி.711 இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். பிரிட்டனில் இப்படிக் கருவிகள் செயலிழந்து ஆபத்தானதால், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தையே நிறுத்திவைத்தார்கள். மாற்றிய அன்றே பதக்கத்தை அழுத்தி, மையத்தில் ஆள் பேசுகிறாரா என்று பார்க்காமல் டெக்னீசியனை அனுப்பாதீர்கள்.

அலைவரிசை:
இதில் உங்களோடு முழு உடன்பாடு. இருந்தாலும் எனக்கு செல்போன்தான் முதல், லேண்ட்லைன் இரண்டாவது. வங்கி ஓ.டி.பி. எல்லாம் எஸ்.எம்.எஸ்.ஸாகத்தானே வருகிறது?

வெட்ட நினைப்பவர்கள் உடனே வெட்ட வேண்டாம். முதலில் லேண்ட்லைனை செல்லுக்கு ஃபார்வர்டு போடுங்கள். இரண்டு மாதம் யார் யார் பழைய எண்ணுக்கு அழைக்கிறார்கள் என்று குறியுங்கள்: மருத்துவமனை, காப்பீடு, தூரத்து உறவு. ஒவ்வொருவருக்கும் புதிய எண்ணைச் சொல்லுங்கள். நடுவில் ஓர் இரவு விளக்கை அணைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பெரியவரையே உங்களுக்கு போன் பண்ணச் சொல்லுங்கள்.

திண்ணை:
பக்கத்தில நின்னு சொல்லிக்கொடுக்காம செய்யணும். அழைப்பு வரலைன்னா லேண்ட்லைனை இன்னும் தொடாதீங்க.