இரண்டு குட்டி விமான நிலையங்களுக்கு நடுவே 38,000 கி.மீ.? அவசரம்!

விரிதாள்வாசி: அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் பறக்கும் தூரமும் நேரமும் வருகிற மாதிரி ஒரு விரிதாள் செய்தேன். எல்லாம் சரியாக வருகிறது, ஒரு ஜோடி மட்டும் 38,000 சொச்சம் கி.மீ., 136 மணி நேரம் என்கிறது. பக்கத்துப் பக்கத்துத் தீவுகள்! நாளைக்குள் முடிக்க வேண்டும்.

மேகதூதன்: எந்த ஜோடி? என்ன சூத்திரம்? வேகம் எவ்வளவு போட்டீர்கள்?

கோணமானி: பார்க்கவே வேண்டாம், டிகிரியை ரேடியனாக (விரிதாளின் சைன், கொசைன் கேட்கும் கோண அலகு) மாற்றியிருக்க மாட்டீர்கள். பத்தில் ஒன்பது பேர் இங்கேதான் விழுவார்கள்.

பழையவர்: பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கி.மீ. எந்த இரண்டு இடத்துக்கும் குறுக்குவழி 20,000-ஐத் தாண்டாது. விடையைப் பார்த்ததுமே உறைத்திருக்க வேண்டும். கேள்வி கேட்பது எப்படி என்று நான் எழுதிய பதிவை யாரும் படிப்பதில்லை.

விரிதாள்வாசி: மன்னிக்கவும். ஃபிஜியில் சவுசவு (-16.80, 179.34), தவெயுனி (-16.69, -179.88). ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று வைத்து, அட்சரேகை வித்தியாசம் × 111, தீர்க்கரேகை வித்தியாசம் × 111 × அட்சரேகையின் கொசைன், அப்புறம் பிதாகரஸ். ரேடியன் போட்டிருக்கிறேன். வேகம் மணிக்கு 280 கி.மீ., ட்வின் ஆட்டர் என்ற குட்டி விமானம்.

மேகதூதன்: அட, 180 டிகிரிக் கோடு நடுவில் போகிறதே! அதற்கு ஒரு பக்கம் கிழக்கு, மறுபக்கம் மேற்கு; அதனால்தான் ஒன்றுக்குக் கழித்தல் குறி. 179.34-இலிருந்து -179.88-ஐக் கழித்தால் 359.22. உங்கள் விமானம் உலகத்தை மறுபக்கமாகச் சுற்றிப் போகிறது. வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழியுங்கள்; 0.78 வரும். கழித்தல் குறியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், 59 கி.மீ. என்று நம்பும்படியான தப்பு விடை வரும். அது இன்னும் மோசம்.

கோணமானி: ரேடியனையும் ஒருமுறை பாருங்களேன்.

மேகதூதன்: ரேடியன் பிழை என்றால் 20,000 பக்கம் வந்திருக்கும் சார்.

பழையவர்: தட்டைப் பூமிக் கணக்கை விட்டுவிட்டு ஹேவர்சைன் (உருண்டையின் மேல் தூரம் காணும் சூத்திரம்) போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சைன் வர்க்கத்துக்கு 359-உம் 1-உம் ஒன்றுதான்.

நாள்காட்டி: கோட்டைத் தாண்டினால் தேதி மாறுமே? நேரத்தில் 24 மணி கழிக்க வேண்டாமா?

மேகதூதன்: வேண்டாம். தேதிக்கோடு வேறு, 180 டிகிரி வேறு. ஃபிஜி முழுவதற்கும் ஒரே நேரம்தான், தேதிக்கோடு அதற்குக் கிழக்கே வளைந்து போகிறது.

நாள்காட்டி: பள்ளியில் 180-தான் தேதிக்கோடு என்று படித்தோம்.

பழையவர்: பள்ளியில் பூமி உருண்டை என்றும் சொன்னார்கள். அது துருவத்தில் தட்டையானது, ஹேவர்சைனே அரை சதவீதம் வரை பிசகும்.

மேகதூதன்: 80 சொச்சம் கி.மீ.க்கு அது சில நூறு மீட்டர். ஓடுபாதையில் உருள்வதும் மேலே ஏறுவதும் அதைவிட நேரம் தின்னும். இவ்வளவு குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். தூரத்தை வேகத்தால் வகுத்ததோடு நிறுத்தாமல் பத்து நிமிடமாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

பழையவர்: பத்து என்பது எந்தக் கணக்கில்?

விரிதாள்வாசி: 84 கி.மீ., 18 நிமிடம்! பத்தைக் கூட்டி 28 என்று போட்டுவிட்டேன். நன்றி.

கோணமானி: ரேடியன்தானே?