அப்பா போவார், அம்மா போகும்: ஏழாம் வகுப்பு நோட்டில் எதைத் திருத்துவது?

மல்லிக்காட்டு டீச்சர் எழுதியது:

வணக்கம். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்புக்கு 'என் குடும்பம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மொத்தம் 34 நோட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருத்த உட்கார்ந்தவள் பத்தாவது நோட்டிலேயே சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஒரு பையன் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். "அப்பா எட்டு மணிக்கு வேலைக்குப் போவார். அம்மா நாலு மணிக்கே எந்திரிச்சு பூப்பறிக்கப் போகும். வந்து சோறு ஆக்கும். தாத்தா திண்ணையில் இருப்பார். ஆத்தா ஆடு மேய்க்கும்." இன்னொரு பிள்ளை "அம்மா சொன்னது, அப்பா சொன்னார்" என்று எழுதியிருக்கிறாள். கொஞ்சம் புத்தகத் தமிழ் பழகிய பிள்ளைகள் "அம்மா சமைக்கிறாள்" என்கிறார்கள். அப்புறம் எல்லா நோட்டையும் எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தேன். அப்பாவுக்கு 'ஆர்' போடாத நோட்டு ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்கு 'ஆர்' போட்டவை 3.

ஆளுக்கு அஃறிணை வினை போட்ட திணை வழு என்று சுழித்து மதிப்பெண் குறைப்பது எளிது. ஆனால் அந்தப் பையனின் வீட்டில் எல்லாரும் பேசுகிற பேச்சு அது. என் பிறந்த வீட்டிலும் "அம்மா சொல்லுச்சு, அக்கா வந்துச்சு" தான், அதில் எங்கள் யாருக்கும் மரியாதைக் குறைவு தோன்றியதில்லை. அதைத் தப்பு என்று சிவப்பில் எழுதினால் அவன் அம்மாவின் வாயையே தப்பு என்று சொன்னதாகிவிடும். சரி, விட்டுவிடலாம் என்றால் அந்த 34க்கு 3 கண்ணை உறுத்துகிறது. நாலு மணிக்கு எழுந்து பனியில் மல்லி பறிக்கிற பெண்ணுக்கு ஒரு 'ஆர்' இல்லை, திண்ணையில் இருக்கிறவருக்கு உண்டு. வகுப்பில் இதை எப்படி எடுப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, பேனாவை மூடியது நல்ல காரியம். முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்தப் பையன் எழுதியதில் பாதிக்கு மேல் வழுவே இல்லை.

"அம்மா போகும், ஆத்தா மேய்க்கும்" இரண்டும் செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று. அது அவன், அவள், அது, அவை நான்குக்கும் வரும். பலர்பாலுக்கும் தன்மை முன்னிலைக்கும்தான் வராது என்று நன்னூல் சொல்கிறது. 'அவள் போகும்' சரியான தமிழ். 'அவர் போகும்' என்றுதான் எழுதக் கூடாது. அதனால் அந்த வரியைச் சுழிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றே சொல்வேன். "அம்மா சொன்னது" வேறு விஷயம், அது திணை மாறியது. ஆனாலும் அதற்கும் அதே நன்னூலில் ஒரு கதவு திறந்திருக்கிறது: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே". பத்தாம் வகுப்பில் வழுவமைதி, அதாவது வழுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வது, நடத்தும்போது பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பதும், மகளைப் பார்த்து "வாடா ராசா" என்பதும் எடுத்துக்காட்டாக வரும். பாசத்தில் திணையும் பாலும் இடம் மாறும் என்று நூற்பா எழுதி வைத்த மொழியில் "அம்மா சொல்லுச்சு" என்ற ஒரு பிள்ளையைத் தண்டிப்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. நாம் மரியாதை என்று போடுகிற 'ஆர்' அடிப்படையில் பலர்பால் விகுதி. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியர் காலத்திலேயே சொல்லியாயிற்று. அதாவது "அப்பா வந்தார்" என்பதும் பழைய கணக்கில் ஒரு விலகல்தான். அந்த விலகலைத் தாராளமாக ஏற்றுக்கொண்டு மற்றதை மட்டும் பிழை என்பது என்ன நியாயம்?

—

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லுகிறேன், உங்களுக்கு உதவும். இங்கே பேச்சில் பெண்ணுக்கென்றே ஒரு மரியாதைச் சொல் இருக்கிறது: 'அவா'. அப்பா வந்தவர், அம்மா வந்தவா, தங்கச்சி வந்தவள், பிள்ளை வந்தது. ஒரு ரீச்சரை 'அவள்' என்று சொன்னால் வீட்டில் ஏச்சு விழும். தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது 'அவா' என்றால் அவர்கள் என்றுதானே சில வீடுகளில் பொருள் என்று கேட்டார். இங்கே அப்படி இல்லை, ஒரே ஒரு பெண், மரியாதைக்குரியவர், அவ்வளவுதான்.

என் வகுப்புப் பிள்ளைகள் "அம்மா சமைப்பா" என்று எழுதுவார்கள். நான் 'சமைப்பார்' என்று திருத்துவேன். பல வருடம் கழித்துத்தான் உறைத்தது, பேச்சில் அம்மாவுக்கு இருந்த தனி மரியாதையை எடுத்துவிட்டு, அப்பாவோடு பொதுவான ஒன்றைக் கொடுக்கிறேன் என்று. எழுத்துத் தமிழில் 'அவா'வுக்கு இடமில்லை. இப்போது திருத்துவதை நிறுத்தவில்லை, ஆனால் திருத்தும்போது ஏன் என்று பலகையில் எழுதிக் காட்டுகிறேன். உங்கள் ஊரிலும் பேச்சில் "அம்மா வந்தாங்க" இருக்கிறதல்லவா? அப்பாவுக்கு 'வந்தாரு', அம்மாவுக்கு 'வந்தாங்க'. அதைப் பிள்ளை 'வந்தார்கள்' என்று எழுதினால் ஒருமைக்குப் பன்மை போட்டாய் என்று வெட்டுகிறோம். பேச்சில் இருக்கிற மரியாதைப் படியை எழுத்து எடுத்துவிடுகிறது. அப்போது பிள்ளைக்கு மிஞ்சுவது 'வந்தாள்' அல்லது 'வந்தது'.

—

பழைய மாணவி:

பெரியவர் சொன்ன நூற்பாவை மதிக்கிறேன், ஆனால் அதன் கடைசிச் சொல்லில் அவர் நிற்கவில்லை. உவப்பில் தொடங்கி இழிப்பில் முடிகிறது அது. எல்லா 'வந்துச்சு'வும் பாசம் இல்லை ஐயா.

நான் கல்யாணமாகிப் போன வீட்டில் முதல் இரண்டு வருடம் எனக்குப் பெயர் கிடையாது. "அது சாப்பிட்டுச்சா", "அது எங்க போச்சு". என் எதிரிலேயே சொல்வார்கள். பிறந்த வீட்டில் அம்மாவை நானும் 'அது' என்றுதான் சொல்லி வளர்ந்தவள், அதனால் இந்த இரண்டு 'அது'வும் ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும். சொல் ஒன்றுதான், குரல் வேறு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும், நீங்கள் கேட்டுப் பாருங்கள். 'வாடா ராசா' கதையையும் அங்கேயே கேளுங்கள்: மகளைக் கொஞ்ச 'டா' போடுகிறோம், பத்து வயதுப் பையனை நாலு பேர் முன்னால் 'வாடி' என்றால் அழுதுவிடுவான். ஏன் ஒன்று கொஞ்சலாகவும் மற்றது அவமானமாகவும் இருக்கிறது?

இன்னொன்றையும் விடாதீர்கள். இது பெண்ணோடு முடிகிற விஷயம் இல்லை. எங்கள் ஊரில் ஊர்த்தெருப் பிள்ளைகள், காலனியிலிருந்து வேலைக்கு வருகிற தாத்தா வயதுக்காரரை 'வந்தான், போனான்' என்றுதான் சொல்லும். யாரும் திருத்தியதில்லை. 'ஆர்' யாருக்குப் போடுகிறோம் என்று கேட்க ஆரம்பித்தால் அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகளே, நீங்கள் சொல்வது சரி. இழிப்பை நான் தாண்டிப் போய்விட்டேன். வகுப்பில் பயன்படலாம் என்று ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆண்பால் பெண்பால் சொற்களைக் கட்டம் போட்டு நடத்தும்போது சில கட்டங்கள் காலியாக நிற்கும். கணவனை இழந்தவருக்கு ஊரில் எத்தனை சொல்! மனைவியை இழந்தவருக்கு? பழைய தமிழில் அந்தக் கட்டம் காலியாக இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியலில் காதலியை இழந்த தபுதார நிலையும் காதலனை இழந்த தாபத நிலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. குறளில் தலைவி கணவனைப் 'பரத்த' என்று விளிக்கிறாள். பரத்தை என்ற சொல்லை இன்றும் எல்லாரும் அறிவார்கள், பரத்தன் எங்கே போனான்? தொல்காப்பியத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையில் இன்னும் அழகான ஒன்று உண்டு. வெளியே போய் விளையாடுகிற சின்னப் பெண்ணை மாறோக்கத்தார், அதாவது கொற்கைப் பக்கத்தார், 'பெண்மகன்' என்பார்களாம். மொழி எப்போதும் இப்படியே இருந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

—

நடைமேடை:

ஒரு சின்னக் குறிப்பு. இந்தப் பாடம் எடுக்கும்போது எந்தப் பிள்ளையாவது "திருநங்கைக்கு என்ன விகுதி டீச்சர்" என்று நிச்சயம் கேட்கும். என் வகுப்பில் கேட்டது. நன்னூல் ஆண்மையை விரும்புபவரை ஆண்பால் என்றும் மற்றவரைப் பெண்பால் என்றும் சொல்லிவிட்டு, அஃறிணை போலவும் வரும் என்று முடிக்கிறது. அந்தக் கடைசி அடியை நான் மறைக்கவில்லை, இதைக் கேட்க ஒருவருக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். தமிழ்நாட்டில் 2008இல் நலவாரியம் வந்ததையும், 'திருநங்கை' என்ற சொல் ஊன்றிய பிறகு பழைய வசைச்சொற்கள் செய்தித்தாளிலிருந்து போனதையும் சொன்னேன். விகுதி? 'ஆர்' என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

—

மல்லிக்காட்டு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று எடுத்தேன். மதிப்பெண் யாருக்கும் குறைக்கவில்லை. பெயர் சொல்லாமல் நோட்டுகளிலிருந்து 12 வாக்கியத்தைப் பலகையில் எழுதி, விகுதிக்கு மட்டும் கலர் சாக்பீஸால் அடிக்கோடு போடச் சொன்னேன். 'ஆர்' எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்ததும் பின்பெஞ்சில் ஒரு பெண் "அப்பா தாத்தா மட்டும்தான் டீச்சர் இருக்காங்க" என்றாள். கவனித்தீர்களா, "இருக்காங்க" என்றாள்.

"அம்மா போவார்" என்று மாற்றிச் சொல்லச் சொன்னேன். பூப்பறிக்கிற அம்மாவின் பையன் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா வேற யாரோ மாதிரி இருக்கு டீச்சர், அப்பா போற மாதிரி இருக்கு" என்றான். யாழ்ப்பாணத்து டீச்சர் சொன்னது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. வீட்டில் பேசும்போது அவன் விருப்பம், கட்டுரையில் இருவருக்கும் ஒரே விகுதி, எது என்று அவனே முடிவு செய்யட்டும் என்றேன். அவன் அப்பாவையும் "போகும்" என்று மாற்றி எழுதிக் கொண்டுவந்தான். இலக்கணம் இடம் தருகிறதே, முழு மதிப்பெண் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் 'ஆர்' யாருக்குப் போடுகிறோம் என்றும் கேட்டேன். அந்தப் பின்பெஞ்சுப் பெண்ணே எழுந்து, "நீங்க தினமும் ஹெச்.எம். சார் வந்துட்டாரான்னு கேப்பீங்க, சத்துணவு ஆயா வந்துச்சான்னு கேப்பீங்க" என்றாள். கேட்டிருக்கிறேன், தினமும். ஆயாவுக்கு என் அம்மா வயது. இன்று காலை "வந்துட்டாங்களா" என்று கேட்டேன், மூன்று நான்கு பிள்ளைகள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலிக் கட்டம் பாடத்தை அடுத்த வாரம் எடுக்கிறேன். ஐயா, மாறோக்கம் பற்றிய அந்த உரைப் பகுதி எந்த நூற்பாவின் கீழ் வருகிறது என்று சொன்னால் பலகையில் எழுதிப் போடுவேன்.