மல மாற்று சிகிச்சை: எதை ஏற்றுகிறோம் என்று தெரியாமலே ஏற்றலாமா?

ஈரோட்டான்

நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கும் என் சித்திக்குப் பல் பிடுங்கியபோது கிளிண்டாமைசின் என்கிற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பல் வலி போனது, வயிற்றுப்போக்கு வந்தது. சோதித்ததில் சி. டிஃப், முழுப்பெயர் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்கிற பெருங்குடல் கிருமி. அதற்கான ஆன்டிபயாடிக் வேன்கோமைசின் சாப்பிடும்வரை அடங்கியிருக்கிறது. கோர்ஸ் முடிந்த கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது. சித்தி பாதி உடம்பாகிவிட்டார்.

இப்போது டாக்டர் சொல்லும் அடுத்த வழி, ஆரோக்கியமான ஒருவருடைய மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலுக்குள் விடுவது. குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான் வேண்டாம் கட்சி. அருவருப்பு அல்ல காரணம். ரத்தம் ஏற்றும்போது என்ன ஏற்றுகிறோம் என்று தெரியும். மலத்தில் நூற்றுக்கணக்கான வகை உயிரிகள். கொடுத்தவருக்கும் தெரியாது, ஏற்றுகிறவருக்கும் தெரியாது. 2019ல் அமெரிக்காவில் ஒருவர் இதில் செத்தே போனார். இதை மருத்துவம் என்கிறவர்கள் தரவோடு வாருங்கள், பேசுவோம்.

மதுமதி

வருகிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை, இந்தக் கிருமியோடு பழக்கம் உண்டு.

முதலில் ஏன் திரும்ப வருகிறது என்பது. வேன்கோமைசின் கிருமியைக் கொல்லும், அதன் வித்துகளை, அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவத்தைக் கொல்லாது. கூடவே குடலில் குடியிருக்கிற நல்ல பாக்டீரியாவில் பலவற்றையும் காலி செய்துவிடும். மாத்திரை நின்றதும் வித்து முளைக்கிறது, எதிர்க்க ஆள் இல்லை. இதில் பித்தநீருக்கும் பங்கு உண்டு. ஈரலிலிருந்து வரும் பித்த அமிலங்கள் வித்தை முளைக்கத் தூண்டும். நல்ல பாக்டீரியா அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும், அந்த மாறிய வடிவம் கிருமியை வளரவிடாது. ஆன்டிபயாடிக் அந்த பாக்டீரியாவையும் அழிக்கிறது. அதாவது, மருந்தே அடுத்த சுற்றுக்கு இடம் செய்து கொடுக்கிறது. முதல் தடவை குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்பும். திரும்பியவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். சாதாரண பேதி என்று நினைக்க வேண்டாம். 2011ல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4.5 லட்சம் பேருக்கு வந்தது, 29,000 பேர் நோய் உறுதியான 30 நாளுக்குள் இறந்தார்கள்.

இனி தரவு. 2013ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வு. திரும்பத் திரும்ப வந்தவர்களில் 16 பேருக்குக் கொடையாளர் மலக்கரைசலை மூக்கு வழிக் குழாயில் சிறுகுடலுக்குச் செலுத்தினார்கள். ஒரே தடவையில் 13 பேருக்குக் குணம், இரண்டாம் தடவையோடு 15 பேர். வேன்கோமைசின் மட்டும் கொடுத்த 13 பேரில் குணமானவர்கள் 4 பேர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

பழைய சோறு பாண்டி

இதுக்குப் போய் அடுத்தவன் மலமா? பழைய சோறும் மோரும் போதும். நல்ல பாக்டீரியாதானே வேண்டும்? பாலுக்கு உறைமோர் ஊற்றுகிற மாதிரி. நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை.

மதுமதி

பாண்டி அண்ணா, பழைய சோறு நானும் சாப்பிடுகிறேன். ஆனால் மோரில் இருக்கிற லாக்டோபேசில்லஸுக்கு அந்தப் பித்த அமில வேலை தெரியாது. அந்த வேலையைச் செய்வது வேறு கூட்டம், ஆக்சிஜன் பட்டாலே சாகிற வகைகள். இந்த நோய் திரும்பாமல் தடுக்க ப்ரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா மாத்திரை, கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் ஏ.சி.ஜி அமைப்பின் 2021 வழிகாட்டி சொல்கிறது.

ஈரோட்டான்

உறைமோர் உதாரணம் என் கட்சிக்குத்தான் உதவுகிறது. உறைமோர் எந்த வீட்டிலிருந்து வருகிறது, நேற்று எப்படி உறைந்தது என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். இங்கே ஊர் பேர் தெரியாதவனுடையது.

பழனிவேல் க.

புள்ளியியல் ஆசிரியன் என்ற முறையில் நடுவில் வருகிறேன். ஈரோட்டான் பயம் வேறு, என் சந்தேகம் வேறு.

மதுமதி மேடம் காட்டிய ஆய்வில் 16 பேர். யாருக்கு எது கொடுக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். நடுவில் வேறு நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்துகிற ஆய்வுகள் பலனை ஊதிக் காட்டும் என்பது பாடப்புத்தக விஷயம். அதற்குப் பிறகு 2016ல் வந்ததைப் பாருங்கள். கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாக ஒரு குழுவுக்குக் கொடையாளர் மலம், இன்னொரு குழுவுக்கு அவரவர் மலத்தையே திருப்பி. எது என்று நோயாளிக்குத் தெரியாது. கொடையாளர் குழுவில் 91 சதவீதம் குணம். தன் மலமே திரும்பி வந்தவர்களிலும் 62.5 சதவீதம் குணம்! ஆய்வு நடந்த இரண்டு இடங்களில் நியூயார்க்கில் மட்டும் பார்த்தால், சொந்த மலம் பெற்றவர்களில் 90 சதவீதம். அப்படியானால் குணமாக்கியது எது?

2022 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ அனுமதித்த, கொடையாளர் மலத்திலிருந்து செய்த ரெபயோட்டா என்கிற எனிமா மருந்தும் அப்படித்தான். நோய் திரும்பாதவர்கள் மருந்துக் குழுவில் 70.6 சதவீதம், வெறும் கரைசல் குழுவில் 57.5. இந்த இடைவெளிக்காகவா இத்தனை ஆரவாரம்?

மதுமதி

நல்ல கேள்வி சார், பாதிப் படம் மட்டும் காட்டுகிறீர்கள். 2016 ஆய்வில் எல்லாரும் முதலில் வேன்கோமைசின் சாப்பிட்டுப் பேதி நின்ற பிறகுதான் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே அது ‘குணமாக்குமா’ என்ற ஆய்வு இல்லை, ‘திரும்பாமல் தடுக்குமா’ என்ற ஆய்வு. ஏற்கெனவே திரும்பப் போவதில்லை என்கிறவர்களும் அதில் இருப்பார்கள். நியூயார்க்கை எடுத்தீர்கள், ரோட் ஐலண்டை விட்டுவிட்டீர்கள். அங்கே சொந்த மலம் பெற்றவர்களில் குணம் 43 சதவீதம்தான்.

சரி, பெரிய ஆய்வுக்கே வருவோம். வவ்ஸ்ட் என்கிற, கொடையாளர் மலத்திலிருந்து செய்த வாய்வழி மாத்திரை, 2023 ஏப்ரலில் அனுமதி. எட்டு வாரத்துக்குள் நோய் திரும்பியது மாத்திரைக் குழுவில் 12 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 40. நூறு பேருக்குக் கொடுத்தால் 28 பேர் தப்பிக்கிறார்கள். இது உங்களுக்குச் சின்ன இடைவெளியா?

பழனிவேல் க.

சின்னது இல்லை. ஆனால் அதே மாத்திரை 2016ல் இரண்டாம் கட்ட ஆய்வில் தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவைக் கூட்டி மறுபடி செய்து ஜெயித்தார்கள். தவறில்லை. ‘90 சதவீதம் குணம்’ என்று யூடியூபில் கூவுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் கடுப்பு. போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 60 பேருக்குத் திரும்பவில்லை. அந்த 60 பேரும் நெட்டில் வந்து ‘எனக்கு மாத்திரையால் குணம்’ என்று சாட்சி சொல்லியிருப்பார்கள்.

லோகன் (லீட்ஸ்)

வணக்கம். இங்கே மனைவி வைத்தியசாலையில் தாதி, அதனால் வீட்டில் இந்தக் கதை அடிக்கடி வரும். இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022 ஆகஸ்டில் இதைப் பரிந்துரைத்துவிட்டது: ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேல் தொற்று வந்த பெரியவர்களுக்கு. தேசிய சுகாதார சேவைக்கு ஆன்டிபயாடிக்கை விட இதில் செலவு குறைவு என்பதும் ஒரு காரணம்.

ஈரோட்டான் அண்ணை 2019 மரணத்தைச் சொல்கிறார். அதை வடிவாக வாசித்தீர்களா? பாஸ்டனில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரே கொடையாளரின் மாத்திரைகள். பல ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஈ.கோலை என்கிற குடல் பாக்டீரியா அதில் இருந்தது. ஒருவர் இறந்தார். ஆனால் இரண்டு பேருமே சி. டிஃப் நோயாளிகள் அல்ல! ஒருவர் ஈரல் நோய் ஆய்வில் இருந்தவர், மற்றவர் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் மாற்று ஆய்வில் இருந்தவர். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்புகள். அந்த ஈ.கோலைக்கான சோதனை நடைமுறைக்கு வருமுன் செய்து வைத்த மாத்திரைகள் அவை. புதிய சோதனை வந்த பிறகு பழைய இருப்பை எடுத்துத் திரும்பச் சோதிக்கவில்லை. பிழை அங்கேதான்.

ஈரோட்டான்

லோகன், நீங்கள் எனக்காகவே வாதாடுகிறீர்கள். நான் சொல்வதும் அதுதான்: சோதிக்கத் தெரிந்ததை மட்டும்தான் சோதிக்க முடியும். 2019க்குப் பிறகு அந்த ஈ.கோலையைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2020 மார்ச்சில் வேறு வகை ஈ.கோலை என்று மறுபடி எச்சரிக்கை. அதே மாதம் கொரோனா எச்சரிக்கை. 2022ல் குரங்கம்மை எச்சரிக்கை. ஒவ்வொரு தடவையும் பட்டியல் நீள்கிறது, பட்டியலில் இல்லாதது வரும்வரை. ரத்த வங்கிகளும் எச்.ஐ.வி வந்த காலத்தில் இப்படித்தான் பாடம் கற்றன, நோயாளிகள் செலவில்.

சுதந்திரப் பறவை

இவ்வளவு வாதம் எதற்கு? அமெரிக்காவில் எத்தனையோ பேர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். மிக்ஸி, உப்புத் தண்ணீர், வடிகட்டி, எனிமா பை. சித்தி மகனே கொடுத்தால் ஊர் பேர் தெரியாதவன் பிரச்சனையும் இல்லை, காசும் மிச்சம்.

மதுமதி

தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஒரே வீட்டில் இருக்கிறவர் குடலில் அதே கிருமி சத்தமில்லாமல் இருக்கலாம், நோய் காட்டாது. ஹெபடைடிஸ், எச்.ஐ.வி, சால்மொனெல்லா, ஒட்டுண்ணி, ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகள் என்று கொடையாளரின் ரத்தத்தையும் மலத்தையும் சோதிக்கிறார்கள். பாஸ்டன் பக்கம் 2012ல் தொடங்கிய ஓப்பன்பயோம் என்கிற மல வங்கியில் கொடுக்க வந்தவர்களில் 3 சதவீதம் பேர்கூடத் தேறவில்லை. மிக்ஸி இதில் எதையும் கண்டுபிடிக்காது. சமையலறையில் அதை எப்படிக் கழுவுவீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

மகன், மகள் என்றால் பாதுகாப்பு என்பதும் கிடையாது. ரோட் ஐலண்டில் ஒரு பெண்ணுக்கு, பருமனாக இருந்த அவருடைய மகளின் மலம் கொடுத்தார்கள். சி. டிஃப் போய்விட்டது. பதினாறு மாதத்தில் 62 கிலோவிலிருந்து 77 கிலோ ஆகிவிட்டார். 2015ல் பதிவான சம்பவம்.

பழனிவேல் க.

மேடம், ஒரே ஒரு ஆள். நோய் தீர்ந்தால் சாப்பாடு பிடிக்கும், எடை ஏறும். அவருக்கு வயிற்றுப் புண் கிருமிக்கும் தனியாக மருந்து கொடுத்திருந்தார்கள். இதை வைத்து மகள் மலத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ‘வேண்டாம்’ கட்சிக்குச் சாதகமான சாட்சியானாலும் பலவீனமான சாட்சி பலவீனமானதுதான்.

பழைய சோறு பாண்டி

4ம் நூற்றாண்டிலேயே சீனாவில் க ஹோங் என்ற வைத்தியர் கடும் பேதிக்கு மலக்கரைசல் கொடுத்திருக்கிறார். நம்மிடமும் பஞ்சகவ்யம்…

மதுமதி

பாண்டி அண்ணா, இழையைப் பஞ்சகவ்யத்துக்கு இழுக்காதீர்கள், கும்பிடுகிறேன். பழமை வேண்டுமென்றால் 1958 போதும். டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர், ஆன்டிபயாடிக்கால் குடல் வெந்துபோன நான்கு பேரை மல எனிமா கொடுத்துக் காப்பாற்றி எழுதிவைத்தார். அப்புறம் பல பத்தாண்டுகள் பெரிதாக யாரும் சீண்டவில்லை.

லோகன் (லீட்ஸ்)

எனக்கு இருக்கும் கோபம் வேறு. வவ்ஸ்ட் ஒரு கோர்ஸ் விலை அறிமுகமானபோது 17,500 டாலர். நாளைக்கு நான்கு மாத்திரை, மூன்று நாள், மொத்தம் பன்னிரண்டு. ஒரு மாத்திரை ஆயிரத்து நானூறு டாலருக்கு மேலே. மூலப்பொருள் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஓப்பன்பயோம் கொடையாளருக்குத் தடவைக்கு 40 டாலர் கொடுத்தது. அந்த மாதிரி லாபநோக்கில்லாத வங்கிகள் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றின. 2022 நவம்பரில் அமெரிக்கா விதியை இறுக்கியது: மல வங்கி என்றால் ஆய்வு மருந்துக்கான அனுமதி எடுக்க வேண்டும். கம்பெனி மருந்து வந்த அதே மாதம்! இதை உறுப்புத் தானம் மாதிரி வைத்திருந்தால், நெதர்லாந்தில் லெய்டன் பல்கலைக்கழக வைத்தியசாலையோடு இருக்கும் வங்கி மாதிரி நடத்தியிருக்கலாம்.

ஈரோட்டான்

விலையைப் பற்றி உங்கள் கோபம் நியாயம். ஆனால் விதியை இறுக்கியதில் எனக்குச் சந்தோஷம். மருந்து என்றால் ஒவ்வொரு தொகுதிக்கும் கணக்கு இருக்கும், தவறு நடந்தால் பிடிக்க ஆள் இருக்கும்.

மதுமதி

ஈரோட்டான் சார், அப்படியானால் உங்கள் முதல் கேள்விக்கே வருகிறேன். வவ்ஸ்ட் தயாரிக்கும்போது மலத்தை எத்தனால் என்கிற ஆல்கஹாலில் ஊறவைக்கிறார்கள். ஈ.கோலை போன்றவை அதில் செத்துவிடும். வித்து வடிவத்தில் இருக்கிற பாக்டீரியா மட்டும் பிழைக்கும், மாத்திரையில் இருப்பது அவைதான். பாஸ்டனில் நடந்த மாதிரி ஈ.கோலை கடந்து வருகிற வாய்ப்பு இங்கே வெகு குறைவு. ‘எதை ஏற்றுகிறோம் என்று தெரியாது’ என்ற வாதம் பாதி போய்விட்டதா இல்லையா?

ஈரோட்டான்

பாதி. மலக்கரைசலுக்கு என் ‘வேண்டாம்’ அப்படியே இருக்கிறது. மாத்திரை என்றால் காப்பீடு என்ன சொல்கிறது என்று தம்பியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பழனிவேல் க.

அதற்கு முன்னால் ஃபிடாக்சோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். 2011லிருந்து இருக்கிற மருந்து, வேன்கோமைசினை விடத் திரும்புவது குறைவு. நல்ல பாக்டீரியாவையும் அவ்வளவாகத் தொடாது. டாக்டர்கள் அதைத் தாண்டி நேராக இங்கே வந்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

மதுமதி

இதில் பழனிவேல் சாரோடு எனக்குச் சண்டை இல்லை. கூடவே இன்னொன்று. அந்த வீட்டில் சானிடைசரை நம்ப வேண்டாம், ஆல்கஹாலுக்கு இந்த வித்து சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவ வேண்டும். கழிவறைக்கு ப்ளீச். பல் டாக்டரிடம் இனிமேல் எதற்குப் போனாலும் ‘சி. டிஃப் வந்தது’ என்று சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

லோகன் (லீட்ஸ்)

ஒரு நிமிஷம், ஆல்கஹாலில் வித்து சாகாது என்கிறீர்கள். மாத்திரையையும் ஆல்கஹாலில் ஊறவைக்கிறார்கள் என்கிறீர்கள். கொடையாளருக்கே சி. டிஃப் இருந்தால்?

மதுமதி

அதனால்தான் கொடையாளரை அதற்கும் சோதிக்கிறார்கள். எத்தனால் அந்த வேலையைச் செய்யாது, சோதனைதான் செய்ய வேண்டும்.

ஈரோட்டான்

பார்த்தீர்களா, திரும்பவும் சோதனையில்தான் வந்து நிற்கிறது!

சரி, சித்தியிடமே கேட்டேன். இவ்வளவு நேரம் நாம் பேசிய எதுவும் அவருக்குக் கவலை இல்லை. கேட்டது ஒன்றுதான்: ‘கொடுக்கிறவர் சைவமா?’

மதுமதி

சிரிக்காதீர்கள், அது நல்ல கேள்வி. கொடையாளர் சாப்பாட்டில் இருந்த ஒவ்வாமைப் பொருள்கள் மருந்தில் இருக்கக்கூடும் என்று ரெபயோட்டா, வவ்ஸ்ட் இரண்டின் குறிப்பிலும் எச்சரிக்கை இருக்கிறது. வேர்க்கடலை, மீன் என்று சித்திக்கு ஏதாவது ஒவ்வாமை உண்டென்றால் டாக்டரிடம் முதலில் சொல்லச் சொல்லுங்கள். சைவமா என்று கேட்டால் பதில் கிடைக்காது, பெயரும் ஊரும் மாதிரி அதையும் தரமாட்டார்கள்.