சதுரத்துக்கு மூன்று கோடு

எம்பிபிஎஸ் படிக்கச் சீனாவுக்குப் போனபோது, பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானே, கடைத்தெருவில் சமாளிக்கிற அளவுக்குச் சீனம் பேசினால் போதும் என்று நினைத்திருந்தேன். முதல் வாரமே கட்டம் போட்ட நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் புள்ளிக்கோட்டில் ஒரு கூட்டல் குறி. 'வயல்' என்று பொருள்படும் சீன எழுத்தின் வடிவமே அதுதான் என்பதால் அதற்கு வயல் கட்டம் என்றே பெயர்.

அன்று 'வாய்' எழுதச் சொன்னார்கள். பார்க்க வெறும் சதுரம். பேனாவை எடுக்காமல் ஒரே சுற்றில் போட்டு ஒரு பக்கத்தை நிரப்பினேன். லாவோஷி (டீச்சரை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்) நோட்டைப் பார்த்ததுமே, "இது படம், எழுத்து இல்லை" என்றார். வாய்க்கு மூன்று கோடு. இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒன்று. மேல்கோட்டை வலப்பக்கம் இழுத்து, அப்படியே மடக்கிக் கீழே இறக்கினால் இரண்டு. கடைசியில் அடிக்கோடு. நான் எழுதும்போது அவர் பக்கத்திலேயே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், மூலையை வைத்துத்தான். முறைப்படி எழுதினால் அடிக்கோட்டின் நுனி வலது மூலையில் துளி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். என் சதுரங்களில் மூலையே கிடையாது, எல்லாம் உருளைக்கிழங்கு.

அப்புறம் விதிகள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோடு போட்டபிறகு குத்துக்கோடு. சுற்றிலும் சுவர் உள்ள எழுத்தானால், உள்ளே போன பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். அதனால் வயலுக்கும் அடிக்கோடு கடைசி. ஹெங், ஷூ, பியே, நா என்று கோட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே காற்றில் விரலால் எழுதிப் பழகினோம். விதி மனப்பாடமாவதற்குள் தகராறும் வந்தது: 'ஒன்பது' எழுத்தில் சாய்கோடு முதலில், 'வலிமை' எழுத்தில் அதே சாய்கோடு கடைசியில். ஏன் என்று கேட்டேன். "எழுது, கைக்குத் தெரிந்துவிடும்" என்றார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வார்டுக்குப் போனபிறகுதான் அந்த நோட்டின் அருமை புரிந்தது. டாக்டர் துண்டுச்சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார். வேகத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சதுரமெல்லாம் நெளிவாகிவிடும். ஒரு சீட்டில் மேலே ஒரு முடிச்சு, கீழே கொக்கி மாதிரி ஏதோ. பேனா போன வழியிலேயே விரலை ஓட்டிப் பார்த்தேன். இடச்சுவர், மடக்கு, உள்ளே கூட்டல் குறி, அடிக்கோடு. வயல்! வயலுக்குக் கீழே சதையைக் குறிக்கும் எழுத்துப் பகுதி. இரண்டும் சேர்ந்தால் இரைப்பை. நோயாளிக்கு வயிற்று வலி.

*

மேலே எழுதியவர் 'வயல்' பற்றிச் சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நான் முதலில் ஜப்பான் மொழி படித்தவன், பிறகு வேலைக்காகச் சீனம். ஜப்பானிலும் இந்தச் சீன எழுத்துகள் உண்டு, ஆனால் அங்கே வயலுக்குள் குத்துக்கோடுதான் முதலில், சீனாவில் கிடைக்கோடு. 'இடது', 'வலது' இன்னும் மோசம். சீனாவில் இரண்டுக்குமே கிடைக்கோட்டில் ஆரம்பம். ஜப்பானிலோ இடதுக்குக் கிடைக்கோடு, வலதுக்குச் சாய்கோடு. ஜப்பான் கல்வி அமைச்சகம் 1958இல் 881 எழுத்துகளுக்குக் கோடு போடும் வரிசையைச் சொல்லும் கையேடு போட்டது. சீனா 1997இல் 7000 எழுத்துகளுக்கு வரையறுத்தது. ஆக, இரண்டு ஊரிலும் நான் எழுதுவது பாதி தப்பு. எழுதி முடித்த எழுத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எழுதும்போது பக்கத்தில் நின்றால்தான் மாட்டிக்கொள்வேன்.

*

நான் இடக்கைக்காரி. இந்த வரிசையெல்லாம் வலக்கைக்காரர்கள் வசதிக்கு அமைந்தது என்பது என் கருத்து. அவர்கள் கோட்டை இழுக்கிறார்கள், நான் தள்ள வேண்டியிருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவில் சமாளித்துவிட்டேன். தூரிகையைத் தள்ளினால் மயிர் பிரிந்து விளக்குமாறு ஆகிவிடும். வேறு வழியில்லாமல் கையை மாற்றினேன். இப்போது சீனம் வலக்கை, தமிழ் இடக்கை.