குமேனா டெக்கில் கை காலியாகிறது: கார்டு எடுக்க எந்த கிரியேச்சர்களை வைக்கலாம்?

தங்கச்சிமடம்_நீலம்

எல்லோருக்கும் வணக்கம். மேஜிக் தி கேதரிங் என்கிற சீட்டாட்டம், அதில் கமாண்டர் வகை: தலைவனாக ஒரு கார்டு (கமாண்டர்), அதோடு 99 கார்டு சேர்ந்த டெக் (சீட்டுக்கட்டு). என் கமாண்டர் குமேனா. பச்சை, நீலம் இரண்டும் கலந்த மெர்ஃபோக் (மீன்வால் மனிதர்) டெக். வீடு கடற்கரையில் இருப்பதால்தான் மீன்வால் கூட்டத்தைப் பிடித்தேன் என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். அது ஒன்றும் இல்லை, மலிவாகக் கிடைத்தது.

சிக்கல் இதுதான். ஐந்தாவது சுற்றுக்குள் கை காலி. இருப்பதை எல்லாம் இறக்கிவிட்டு, அப்புறம் சுற்றுக்கு ஒரு கார்டு என்று மேலே இருந்து வருவதை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். நம் நேரத்துக்கு அதுவும் லேண்டாகத்தான், அதாவது மானா என்கிற செலவுச் சக்தி தரும் நிலக் கார்டாகத்தான், வரும்.

ஆடுவது எப்போதும் அதே நான்கு பேர். அதில் இரண்டு பேர் விசைப்படகில் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் வந்தால் 61 நாளும் அவர்களுக்குக் கடல் இல்லை, சாயங்காலம் ஆனால் எங்கள் மொட்டை மாடிதான். அதனால் யார் டெக்கில் என்ன இருக்கிறது என்று மற்ற மூவருக்கும் மனப்பாடம். ஒருவன் எல்ஃப், ஒருவன் டிராகன். மூன்றாமவன் வெள்ளை-கறுப்பு. மேஜையில் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தால் போதும், போர்டு வைப் போட்டு மொத்தமாக வழித்துவிடுவான். அவனை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

இப்போது டிராவுக்காக (கார்டு எடுப்பதற்காக) நான் வைத்திருப்பவை: மெர்ஃபோக் லூட்டர், மல்டிரிஃப்டர், சாலம் சிமுலாக்ரம், பீஸ்ட் விஸ்பரர், கான்சிக்ரேட்டட் ஸ்பிங்க்ஸ், டிஷானா. மொத்தம் ஆறு. லேண்ட் 35. ஸ்பிங்க்ஸ் மட்டும் ஜெராக்ஸ், எங்கள் மேஜையில் அதற்குத் தடை இல்லை.

இன்னும் நான்கு இடம் ஒதுக்க முடியும். எதைத் தூக்குவது, எதைச் சேர்ப்பது? கிரியேச்சராகவே (மேஜையில் நின்று சண்டை போடும் கார்டாகவே) சொல்லுங்கள். குமேனாவின் திறனுக்குப் படுக்கப்போட (டேப் செய்ய, அதாவது கார்டைப் பக்கவாட்டில் திருப்ப) ஆள் வேண்டும்.

கீழக்கரை_காக்கா

தம்பி, முதலில் அந்த லூட்டரை எடு. ஒரு கார்டு எடுத்து ஒரு கார்டைக் கீழே போடுகிறது. கையில் இருப்பதன் எண்ணிக்கை ஏறவே இல்லை, சரக்கு மட்டும் மாறுகிறது. கிரேவ்யார்டில் (செத்த, கீழே போட்ட கார்டுகள் சேரும் குவியல்) இருந்து ஆளை எழுப்புகிற டெக்காக இருந்தால் அது தங்கம். உன் டெக்கில் அப்படி எதுவும் இல்லை. அதோடு லூட்டருக்கு டேப் குறி உண்டு, அந்தக் குறி உள்ள திறனை இறக்கிய சுற்றில் பயன்படுத்த முடியாது, சும்மா நிற்கும்.

டிரா கிரியேச்சரை நான் பார்க்கிற விதமே வேறு. எத்தனை கார்டு தரும் என்பது அப்புறம். எப்போது தரும்? வந்ததும் தருமா, செத்தால் தருமா, உயிரோடு இருந்தால்தான் தருமா? மேஜையை வழிக்கிற ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவது வகையை எவ்வளவு குறைக்கிறாயோ அவ்வளவு நல்லது. ஸ்பிங்க்ஸைப் பார். எதிராளி ஒரு கார்டு எடுத்தால் உனக்கு இரண்டு. மூன்று எதிராளி, ஒரு முழுச் சுற்றில் குறைந்தது ஆறு கார்டு. கேட்கவே வாய் ஊறும். ஆனால் ஆறு மானா. அதை இறக்கினால் அந்தச் சுற்றில் வேறு எதுவும் செய்ய முடியாது, அடுத்து ஆடுகிறவன் கார்டு எடுப்பதற்கு முன்பே அதைக் கொன்றுவிட்டால் உனக்கு ஒரு கார்டுகூட மிஞ்சாது. பார்த்ததும் எல்லோருக்கும் பகீர் என்கிற கார்டு அது. உயிரோடு விடமாட்டார்கள்.

மல்டிரிஃப்டர் இருக்கட்டும். ஐந்து மானா கொடுத்தால் பறக்கிற 2/2 (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2) உடம்பும் இரண்டு கார்டும். அவசரம் என்றால் மூன்று மானாவுக்கு இவோக் செய், உடம்பு போய்விடும், இரண்டு கார்டு கையில். படத்தில் மீன் மாதிரி இருக்கிறதே என்று குமேனாவுக்குப் படுக்கப்போட்டுவிடாதே, அது எலிமென்டல், மெர்ஃபோக் இல்லை. என் மேஜையில் இதற்கே ஒரு சண்டை நடந்தது.

சாலமும் இருக்கட்டும். வரும்போது ஒரு பேசிக் லேண்ட், சாகும்போது ஒரு கார்டு. வழிக்கிறவனுக்கு எதிரில் அது உட்கார்ந்திருப்பதே ஒரு நிம்மதி. எக்ஸைல் செய்துவிட்டால் (சாகடிக்காமல் ஆட்டத்தை விட்டே நீக்கிவிட்டால்) மட்டும் கார்டு கிடைக்காது.

இப்போது சேர்க்க வேண்டியது. முதலில் சில்வர்கில் அடெப்ட். இரண்டு மானா, 2/1, வந்ததும் ஒரு கார்டு. கையில் உள்ள இன்னொரு மெர்ஃபோக்கைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூட மூன்று மானா. கை காலியான பிறகு இறக்கினால் அது ஐந்து மானா கார்டு என்று வைத்துக்கொள். ஆகவே இரண்டாம் சுற்றிலேயே இறக்கிவிடு, பிறகுக்கு என்று பதுக்காதே.

அப்புறம் மெர்ஃபோக் பிராஞ்ச்வாக்கர், ஜேட்லைட் ரேஞ்சர். முதலாவது ஒரு முறை எக்ஸ்ப்ளோர் செய்யும், இரண்டாவது இரண்டு முறை. மேல் கார்டு லேண்ட் என்றால் கைக்கு வரும். இல்லையென்றால் உடம்பு ஒரு படி பெருக்கும், அந்தக் கார்டு மேலேயே இருக்க வேண்டுமா கிரேவ்யார்டுக்குப் போக வேண்டுமா என்று நீ முடிவு செய்யலாம். சரியான டிரா என்று சொல்ல முடியாது. ஆனாலும் மேலே இருந்து லேண்டாக வருகிறது என்று அழுதாயே, அதற்கு இதுதான் மருந்து. இரண்டுமே மெர்ஃபோக்.

கடைசியாக இரண்டு. தட்யோவா ஐந்து மானா, மெர்ஃபோக்தான், நீ ஒரு லேண்ட் இறக்கும்போதெல்லாம் ஒரு உயிரும் ஒரு கார்டும். அன்காமன் கார்டு, விலை ஒன்றும் பெரிதில்லை. ஐந்து லேண்ட் இருக்கும்போது இறக்காதே. ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு இறக்கு. தட்யோவா வந்ததும் அந்த லேண்டைப் போட்டால் அங்கேயே ஒரு கார்டு வந்துவிடும், அதற்குப் பிறகு அவளைக் கொன்றாலும் போனது பாதிதான். இதை வைப்பதாக இருந்தால் லேண்டை 37 ஆக்கு.

இன்னொன்று ஃபாலோசேஜ். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நான்கு மானா, 2/2, 2007-இல் லோர்வின் செட்டில் வந்தது. அது டேப் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கார்டு எடுக்கலாம், அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கிறது. தனியாக இருந்தால் பாவம், தாக்கப் போய்ச் சாகும். குமேனா பக்கத்தில் இருந்தால் கதையே வேறு. குமேனாவின் திறன்களுக்கு மானா வேண்டாம், மெர்ஃபோக்கைப் படுக்கப்போட்டால் போதும். கார்டில் டேப் குறி இல்லை, "படுக்கப்போடு" என்று எழுத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தச் சுற்றில் இப்போதுதான் வந்த ஆளையும் படுக்கப்போடலாம். மூன்று பேர் படுத்தால் ஒரு கார்டு. அந்த மூவரில் ஒருவர் ஃபாலோசேஜ் என்றால் இரண்டு கார்டு.

அதையும் உன் சுற்றில் செய்யாதே. உனக்கு முந்தின ஆள் சுற்று முடிக்கும் நேரத்தில் செய். உடனே உன் சுற்று, எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

தொண்டி_துடைப்பம்

பங்காளி, உங்கள் மேஜையில் வழிக்கிறவன் இருக்கிறானே, எங்கள் மேஜையில் அந்த ஆள் நான்தான். அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

பீஸ்ட் விஸ்பரர் இறங்கியதும் என் கையில் ரிமூவல் (ஒரு கிரியேச்சரை நீக்கும் கார்டு) இருந்தால் யோசிக்கவே மாட்டேன், அடிப்பேன். ஒவ்வொரு கிரியேச்சருக்கும் ஒரு கார்டு எடுக்கிறவனை எவன் விட்டுவைப்பான்? ஆனால் சில்வர்கில் அடெப்ட் மேல் இதுவரை ஒரு ரிமூவல்கூட போட்டதில்லை. வந்தது, கார்டு எடுத்தது, இனி அது வெறும் 2/1. அதைக் கொல்ல என் கார்டு ஒன்றை வீணாக்குவேனா? காக்கா சொன்ன கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதிராளி கண்ணை உறுத்தாத கார்டு அதிக நாள் வாழும்.

ஒரு விஷயத்தில் காக்காவோடு ஒத்துப்போக மாட்டேன். எல்லாமே கிரியேச்சராக வைத்தால் என் ஒரு கார்டுக்கு உங்கள் மொத்தக் கடையும் காலி. கின்ட்ரெட் டிஸ்கவரி மாதிரி என்சான்ட்மென்ட் (கிரியேச்சராக இல்லாமல் மேஜையிலேயே நிற்கும் மந்திரம்) ஒன்றாவது இருக்கட்டும். மெர்ஃபோக் என்று பெயர் சொல்லிவிட்டால், உங்கள் மெர்ஃபோக் வரும்போதும் கார்டு, தாக்கும்போதும் கார்டு. நான் மேஜையை வழித்தாலும் அது அங்கேயே நிற்கும், அடுத்த சுற்றில் நீங்கள் இறக்கும் முதல் மெர்ஃபோக்குக்கே கார்டு வந்துவிடும்.

கீழக்கரை_காக்கா

கேள்வி கிரியேச்சரைப் பற்றியது, துடைப்பம். இருந்தாலும் நீ வந்ததால் ஒன்று சொல்கிறேன். உன் வைப்புக்கு எதிராகக் குமேனாவே ஒரு பதில்.

நீலம் தம்பி, கவனி. அவன் வைப்பை மேஜையில் வைத்ததும் அது உடனே நடந்துவிடாது. பதிலுக்கு ஏதாவது செய்ய உனக்கு நேரம் உண்டு. உன்னிடம் எழுந்து நிற்கிற மெர்ஃபோக் ஏழு என்று வைத்துக்கொள், குமேனாவும் ஃபாலோசேஜும் அதில் அடக்கம். மூன்று பேரைப் படுக்கப்போட்டு ஒரு கார்டு, இன்னும் மூன்று பேரைப் படுக்கப்போட்டு இன்னொரு கார்டு, ஃபாலோசேஜ் படுத்ததற்கு ஒன்று. எப்படியும் சாகப்போகிறவர்கள்தான். மூன்று கார்டு கையில் எடுத்துக்கொண்டு "இப்போது வழி" என்று சொல். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தாக்கப் போனவர்கள் ஏற்கெனவே படுத்திருப்பார்கள், அவர்களை வைத்து இதைச் செய்ய முடியாது. ஆகவே அவன் சுற்று வருவதற்குள் அவனிடம் எத்தனை மானா இருக்கும் என்று பார். வைப்புக்கு அது போதாது என்று தெரிந்தால் எல்லோரையும் அனுப்பி அடி. போதும் என்றால் பாதிப் பேரைக் கரையில் நிறுத்து. தடைக்காலம் முழுக்க ஒரே மேஜையில் ஆடுகிறாய், அவன் முகத்தைப் பார்த்தே உனக்குத் தெரிய வேண்டும்.

சீட்போர்ன் மியூஸ் என்று ஒன்று இருக்கிறது, மற்றவர்கள் சுற்றிலும் உன் ஆட்களை எழுப்பிவிடும். குமேனாவோடு அது சேர்ந்தால் அநியாயம். விலையைப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிடு. உங்கள் மேஜையில்தான் ஜெராக்ஸ் ஓடுமே, அதற்கு மேல் உன் மனசாட்சி.

மண்டபம்_கணக்கு

எண்ணிக்கை பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். கமாண்டர் போக 99 கார்டு. கையில் 7, நான்காவது சுற்றில் மொத்தம் 11 கார்டு பார்த்திருப்பீர்கள். டிரா கிரியேச்சர் ஆறு இருந்தால், அந்த 11-இல் ஒன்றாவது வந்திருக்க வாய்ப்பு சுமார் 52 சதவீதம். காசைச் சுண்டிப் போடுகிற மாதிரிதான். பத்து இருந்தால் சுமார் 71. உங்கள் கை காலியாவதற்குப் பாதிக் காரணம் இதுவே. மீதிப் பாதி, அந்த ஆறில் டிஷானா 7 மானா, ஸ்பிங்க்ஸ் 6. நான்காம் சுற்றில் கைக்கு வந்தும் பிரயோஜனம் இல்லை.

தங்கச்சிமடம்_நீலம்

எல்லோருக்கும் நன்றி. காக்கா, அந்தப் பதிலடி ஆட்டம் எனக்குத் தோன்றவே இல்லை. குமேனாவின் மூன்றுபேர் திறனை நான் என் சுற்றில் மட்டும்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

முடிவு செய்தது இது. லூட்டரும் ஸ்பிங்க்ஸும் வெளியே. அடெப்ட், பிராஞ்ச்வாக்கர், ஜேட்லைட், ஃபாலோசேஜ், தட்யோவா உள்ளே. அதோடு சீஃப்ளோர் ஆரக்கிள் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, மெர்ஃபோக் அடித்து எதிராளிக்குச் சேதம் ஆனால் கார்டு தரும். அதையும் போட்டால் மொத்தம் பத்து. மண்டபம் கணக்கும் சரியாக வருகிறது. லேண்ட் 37 ஆக்க இரண்டு கவுண்டர் மந்திரத்தை (எதிராளி போடுவதைத் தடுப்பவை) எடுக்கிறேன், மனசே வரவில்லை.

விஸ்பரரை மட்டும் விடப்போவதில்லை. துடைப்பம் சொன்னது சரிதான், ஆனால் ஒரு யோசனை. நான்கு மானாவில் இறக்காமல் ஆறு மானா வரும்வரை வைத்திருந்து, அதே சுற்றில் பின்னாலேயே அடெப்டை இறக்கினால்? விஸ்பரருக்கு ஒரு கார்டு, அடெப்டுக்கு ஒரு கார்டு. அப்புறம் அடித்தாலும் பரவாயில்லை.

டிஷானாவும் இருக்கட்டும். மேஜையில் என் பக்கம் எத்தனை கிரியேச்சரோ அத்தனை கார்டு, கை எவ்வளவு பெருத்தாலும் கீழே போட வேண்டாம். மேஜை காலியாக இருக்கும்போது இறக்கினால் தனக்குத்தானே ஒரே ஒரு கார்டு தரும். அது தெரிந்துதான் வைக்கிறேன், ஆட்டம் முடிக்க ஒருவர் வேண்டும்.

ஃபாலோசேஜ் யாரிடமாவது கூடுதலாக இருக்கிறதா? ஃபாயில் (பளபளப்புக் கார்டு) வேண்டாம். எங்கள் உப்புக் காற்றுக்கு ஒரு மாதத்தில் அப்பளம் பொரிந்த மாதிரி வளைந்துவிடுகிறது, ஸ்லீவ் போட்டாலும் டெக்கில் அது எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தாலே தெரிகிறது.

தொண்டி_துடைப்பம்

விஸ்பரர் இறங்கும்போது நான் பதிலுக்கே அடித்தால்?

தங்கச்சிமடம்_நீலம்

அடிங்க பங்காளி. விஸ்பரர் மேஜைக்கு வந்த பிறகு, நீங்கள் அடிப்பதற்கு முன்னால் அடெப்டைப் போட முடிந்தால் எனக்குக் கார்டு, அடெப்ட் மந்திரமாக இருக்கும்போதே அது கிடைத்துவிடும். வந்ததுமே என் சுற்றில் முதல் வாய்ப்பு எனக்குத்தானே.

கீழக்கரை_காக்கா

சரியாகச் சொன்னான். கிரியேச்சரைப் போடும்போதே விஸ்பரர் வேலை செய்யும், அது மேஜைக்கு வந்து சேர வேண்டும் என்றுகூட இல்லை. கவுண்டர் செய்தாலும் கார்டு கார்டுதான்.

ஃபாலோசேஜ் என்னிடம் இரண்டு இருக்கிறது, சாதாக் கார்டு, ஓரத்தில் லேசாக வெளுத்திருக்கும். காசு வேண்டாம். நீ தூக்கிப்போட்ட லூட்டரைக் கொண்டு வா, என் தம்பி கிரேவ்யார்டு டெக் கட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் வருகிறேன், புது பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இருப்பேன். ஸ்லீவோடு கொண்டு வா, சட்டைப்பையில் மடித்து எடுத்து வராதே.