57 அடிப் படகும் ஒரு மணி நேரப் பாடமும்

பிரிட்டனில் நானே கால்வாய்ப் படகு ஓட்டினேன் என்றதும், லைசென்ஸ் இல்லாதவன் கையில் படகை எப்படிக் கொடுப்பார்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்து ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். நானே நம்பாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினேன். ஆலப்புழையில் படகு எடுத்தால் ஓட்டுகிறவரும் சமையல்காரரும் கூடவே வருவார்கள். நாம் கரிமீனைத் தின்றுகொண்டு சாய்ந்து கிடக்கலாம். இங்கே சாவியைக் கொடுத்துவிட்டு அவர்கள் கரையிலேயே நின்றுவிடுவார்கள்.

நாங்கள் கிளம்பியது வேல்ஸ் எல்லையில், சர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். போக வேண்டியது லங்கோலன். (அந்த ஊர்ப் பெயரில் இரண்டு இடத்தில் வரும் ‘ல’ உண்மையில் ‘ல’ இல்லை. நம் ‘ழ’வை வெளியூர்க்காரர்கள் படுத்தும் பாட்டுக்கு அங்கே நான் பதில் செய்துவிட்டு வந்தேன்.) படகின் நீளம் 57 அடி, அகலம் ஏழடிக்கும் கொஞ்சம் குறைவு. உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. நானும் மனைவியும் மகளும் மச்சானும்.

பாடம் எடுக்க ஒரு பெரியவர் வந்தார். தினமும் காலையில் என்ஜின் ஆயில் பார்க்க வேண்டும். சாயங்காலம் நிறுத்தியதும் பின்பக்கம் இருக்கும் கிரீஸ் திருகை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியின் தண்டு வழியாகத் தண்ணீர் சொட்டும். விசிறியில் கொடியோ துணியோ சுற்றிக்கொண்டால், என்ஜினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து கையை விட்டு எடுக்க வேண்டும். “தண்ணீரில் விழுந்தால் நீந்தாதீர்கள், எழுந்து நில்லுங்கள்” என்றார். பெரும்பாலான இடங்களில் ஆழம் அவ்வளவுதான். என் மனைவி கேட்ட ஒரே கேள்வி கழிவறைத் தொட்டியைப் பற்றி.

அப்புறம் சுக்கான் பிடி. அதை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும். அதுகூடப் பழகிவிடும். படகு நடுவில் ஆணி அடித்தது போலச் சுழலும் என்பதுதான் கஷ்டம். மூக்கு ஒரு பக்கம் திரும்பும்போது வால் எதிர்க்கரையில் போய் இடிக்கும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். பெரியவர் பத்து நிமிடம் கூட வந்தார். முதல் பாலத்தின் கீழே, படகு போகிற போக்கில் நடைபாதையில் கால் வைத்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

அடுத்த வளைவில் எதிரே ஒரு படகு. வேகம் என்னவோ மனிதன் நடக்கிற வேகம்தான், சட்டப்படியே மணிக்கு 4 மைல். ஆனாலும் நான் பயந்துபோய் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் தப்பு. விசிறி தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் படகு திரும்பும். விசிறி நின்றால் பிடியை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றுதான்.

“ஏங்க, மரம்!”

வில்லோ மரக்கிளைகளுக்குள் போய்ச் சேற்றில் ஏறி நின்றோம். எதிர்ப் படகை ஓட்டி வந்தது எழுபது தாண்டிய ஒரு அம்மா. ஒரு கையில் டீக் கோப்பை, சுக்கான் பிடியை இடுப்பால் தள்ளிக்கொண்டிருந்தார். “பயமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கொடு தம்பி” என்கிற பாவனையில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மச்சான் நீளக் கழியை ஊன்றி, எங்கள் ஊர் வள்ளக்காரன் போலத் தள்ள, நான் ரிவர்ஸ் போட, ஒருவழியாக வெளியே வந்தோம். தலைமுடியெல்லாம் இலை.

நடுவில் ஒரு சிறிய சுரங்கம். விளக்கைப் போட்டுக்கொண்டு கடந்துவிட்டோம்.

ஐந்து மணி வாக்கில் பொண்ட்கசுல்ட்டே என்ற கால்வாய்ப் பாலம். எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம் என்பதால் ஒன்று சொன்னால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியும்: பள்ளத்தாக்குக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் படகு ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாத்தூர் 115 அடி உயரம், இது 126. டீ (Dee) என்ற ஆற்றின் குறுக்கே 300 மீட்டருக்கு மேல் நீளும் வார்ப்பிரும்புத் தொட்டி. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805இல் திறந்தது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் நடைபாதை, கம்பித் தடுப்பு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும். அதுவும் தண்ணீருக்கு மேல் சில அங்குலம்தான். படகிலிருந்து பார்த்தால் அந்த விளிம்பே தெரியாது. நேரே கீழே மரங்களின் தலை.

மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு ஓட்டியதிலேயே சுலபமான இடம் அதுதான். தொட்டி படகை அணைத்துப் பிடித்துக்கொள்கிறது, திருப்ப இடமே இல்லை. மகள் பிடியைக் கேட்டாள், கொடுத்தேன். பாதிப் பாலம் அவள் ஓட்டியதுதான்.

அக்கரையில் கட்டிப்போட்டு, ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். ஜூன் மாதம் என்பதால் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. படுத்த பிறகுதான் கிரீஸ் திருகு ஞாபகம் வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு, லுங்கியோடு பின்பக்கம் போய்க் குனிந்து திருகிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படகுக்காரரும் டார்ச்சும் கையுமாக வெளியே வந்தார். அவரும் மறந்திருந்தார்.