டி முனையில் உட்கோணம் 284°45′ வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி: நாலு பக்க நிலம், காம்பஸ் டிராவர்ஸ் (காம்பஸால் ஒவ்வொரு பக்கத்தின் திசையையும் அளந்தபடி சுற்றி வருவது), கடிகாரச் சுற்று. வடக்கிலிருந்து எடுத்த பேரிங் (திசைக்கோணம்): ஏபி 60°30′, பிசி 122°, சிடி 205°15′, டிஏ 310°. டி மட்டும் உதைக்கிறது.

பதில் 1: மைனஸை விட்டுவிட்டீர்கள். வந்த கோட்டின் பேக் பேரிங்கிலிருந்து (அதே கோட்டைத் திரும்பிப் பார்த்தால் வரும் பேரிங், 180° வித்தியாசம்) போகும் கோட்டின் ஃபோர் பேரிங்கை (போகும் திசையில் எடுத்தது) கழிக்கணும். டி-யில் சிடி-யின் பேக் பேரிங் 205°15′ − 180° = 25°15′; 25°15′ − 310° = −284°45′. மைனஸ் வந்தால் 360° கூட்டுங்கள்: 75°15′. ஏ 69°30′, பி 118°30′, சி 96°45′, மொத்தம் 360°. இடஞ்சுற்றாகப் போயிருந்தால் இதே கழித்தல் வெளிக்கோணத்தைத் தரும்.

பதில் 2: அந்த 360°-ஐ ரொம்ப நம்பாதீர்கள். பேக் பேரிங்கை 180° கூட்டிக் கழித்தே எடுத்திருந்தால், ரீடிங் தப்பானாலும் மொத்தம் சரியாகத்தான் வரும். களத்தில் பார்த்த பேக் பேரிங் இருக்கா? அதற்கும் ஃபோர் பேரிங்குக்கும் வித்தியாசம் 180° இல்லையென்றால், பக்கத்து இரும்பு வேலி ஊசியை இழுத்திருக்கலாம். அப்போதும் ஒரே முனையில் எடுத்த இரு ரீடிங்கும் ஒரே அளவு விலகுவதால், அவற்றைக் கழித்து வரும் உட்கோணம் கெடாது.